உப்புத் தண்ணியில் நூலுக்குச் சாயம்

இயற்கைச் சாயம் பழக வேண்டும் என்று சென்னிமலைக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மூட்டையோடு வருகிறார்கள். மாதுளம் தோல், வெங்காயத் தோல், காய்ந்த செண்டுமல்லி, யாரோ சொன்னார்கள் என்று ஏதோ ஒரு மரப்பட்டை. சரி என்று எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு நான் கேட்பது, உங்கள் வீட்டில் என்ன தண்ணி, அதில் ஒரு குடம் கொண்டுவந்தீர்களா என்பதுதான். யாரும் கொண்டுவருவதில்லை. ஒரே நூல், ஒரே மாதுளம் தோல், ஒரே படிகாரம், என் வீட்டில் பளிச்சென்று வந்த மஞ்சள் பெருந்துறைப் பக்கம் ஒரு தோழியின் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணியில் சாம்பல் பூத்த பச்சையாக வந்ததைப் பார்த்தவள் நான். தோலும் பட்டையும் நாட்டு மருந்துக் கடையில் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் கிடைக்கும், தண்ணிதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணி உண்டு. குழாயில் முறை வைத்து வரும் ஆத்துத் தண்ணி, அதுதான் நல்ல தண்ணி. குடிக்க, பருப்பு வேகவைக்க. மற்ற எல்லாவற்றுக்கும் போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணி. பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து வருகிற தண்ணி என்பதால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதில் தாராளமாக இருக்கும், அதனால்தான் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொறுக்குக் கட்டும். இந்தச் சத்துகளின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம், குடிநீருக்கான இந்தியத் தர அளவு அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணியே இல்லாத இடத்தில் 600 வரை. போர் தண்ணி அதையும் தாண்டிப் போகிற வீடுகள் இங்கே உண்டு, அந்தத் தண்ணியில்தான் நாம் சாயம் போட வேண்டியிருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது என் மாமனார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். பெட்ஷீட் நூலுக்கு வாட் சாயம் என்கிற ரசாயனச் சாயம் போட, காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் கலந்த தொட்டியில் சிட்டம் சிட்டமாக, அதாவது வளையமாகச் சுற்றிய கட்டுக் கட்டாக, நூலை மாட்டித் திருப்பித் திருப்பிப் போட்ட கை அவருடையது. நான் கடுக்காயும் சிவப்புக்கான மஞ்சிட்டி வேரும் வாங்கிக்கொண்டு வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "சாயத்த அப்பறம் பாத்துக்கலாங் கண்ணு, மொதல்ல தண்ணியப் பாரு" என்றார். அவர் சொல்லித்தந்த இரண்டு சோதனைகளைத்தான் இன்றைக்கும் எல்லாருக்கும் செய்யச் சொல்கிறேன்.

ஒரு பாட்டிலில் நல்ல தண்ணி, இன்னொன்றில் உப்புத் தண்ணி, இரண்டிலும் ஒரே அளவு பார் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்கிறதா, அல்லது தயிர் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாக மிதக்கிறதா என்று பார்த்தால் கடினத்தன்மை எவ்வளவு என்று ஒரு திட்டம் கிடைத்துவிடும். அடுத்தது இரும்பு. கடுக்காய்த் தூளை நல்ல தண்ணியில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றை ஒரு கண்ணாடி டம்ளர் உப்புத் தண்ணியில் நாலைந்து சொட்டு விடுங்கள். இளமஞ்சளாகவே இருந்தால் நல்லது, கத்தரிப்பூ சாயலோ கருநீலமோ ஏறினால் தண்ணியில் இரும்பு இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்து எழுதுகிற மையே இப்படித்தான் செய்தார்கள். இரும்பு உள்ள தண்ணியில் எந்தப் பளிச்சென்ற நிறமும் வராது, என்ன செய்தாலும் மங்கும். தோழியின் கிணற்றில் இருந்தது இதுதான். துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். கையில் பிடிக்கிற டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், அது கரைந்திருக்கிற மொத்த உப்பைச் சொல்லுமே தவிர அது எந்த உப்பு என்று சொல்லாது.

தண்ணிக்கு அடுத்தது நூலைத் துவைப்பது. பஞ்சு நூலில் இயல்பாகவே ஒரு மெழுகு இருக்கிறது, துவைக்காத பச்சை நூலைத் தண்ணியில் போட்டால் மிதக்கும். அந்த மெழுகு போகாமல் சாயம் போட்டால் மேலாக ஏறி அலசும்போது இறங்கிவிடும். நான் கிலோ நூலுக்கு 30 கிராம் அளவில் சலவை சோடா போட்டு, நூல் தாராளமாக மூழ்கும் தண்ணியில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுகிறேன். கொதித்து முடித்த தண்ணி டீ நிறத்தில் இருக்கும், முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நம்பவே முடியாது, வெள்ளை நூலுக்குள்ளா இவ்வளவு இருந்தது என்பார்கள். இங்கேதான் உப்புத் தண்ணி வேலையைக் காட்டும். சோடாவோடு பார் சோப்பையும் போட்டால் சோப்பு திரிந்து, கண்ணுக்குத் தெரியாத பிசுக்காக நூல் மேலேயே படிந்துவிடும், அப்புறம் சாயம் போட்டால் அந்த இடம் மட்டும் வெளிறித் திட்டாக நிற்கும். அதனால் உப்புத் தண்ணிதான் கதி என்றால் சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை. பூந்திக்கொட்டை நுரை சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரியாது. கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இரவே ஊறவைத்து, கையால் பிசைந்து, வடிகட்டிப் போட வேண்டும்.

நூல் தயாராகிவிட்டதா என்று அறிய, அலசிக் காயவைத்த சிட்டத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்கள். உடனே உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் திரும்பவும் கொதிக்கவிட வேண்டியதுதான். நெய்த காடாத் துணியில் சாயம் போடுகிறவர்களுக்கு இதோடு இன்னொரு வேலையும் உண்டு. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, போட்ட கஞ்சி துணியிலேயே இருக்கும், இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணியில் ஊறப்போட்டுக் கசக்கி அதையும் எடுத்தாக வேண்டும்.

அப்புறம் கடுக்காய். பட்டும் கம்பளி ரோமமும் படிகாரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், பஞ்சுக்கு அந்தக் குணம் குறைவு, இடையில் துவர்ப்பு வேண்டும். கிலோ நூலுக்கு 150 முதல் 200 கிராம் வரை கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள், இரவு முழுக்க ஊறல், காலையில் பிழிந்து அலசாமல் அப்படியே வெயிலில் காயவைக்க வேண்டும். நூல் சந்தன நிறத்துக்கு வந்துவிடும். காய்ந்ததும் அதே அளவு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறிய தண்ணியில் நூலை இன்னொரு இரவு போட வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இந்த இரண்டு இரவுகளைத்தான் முதலில் வெட்டுவார்கள், வெட்டினால் நிறம் நிற்காது, வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். பாத்திரம் எவர்சில்வர். இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கவைக்கும், அலுமினியத்தைச் சோடா அரிக்கும்.

இனி மஞ்சள் விஷயம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் ஊர் என்றாலே மஞ்சள்தான், அதனால் வருகிற எல்லாருக்கும் மஞ்சளில் சாயம் போட்ட சேலை வேண்டும். மஞ்சளைப் போல எளிதாக ஏறுகிற சாயமே கிடையாது. படிகாரம்கூட வேண்டாம், முக்கினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது வெயிலில் நிற்காது. மாடியில் காயப்போட்டு எடுக்கிற சேலை சில மாதங்களில் மடிப்பு ஓரம் வெளிறி, உள்மடிப்பு மட்டும் மஞ்சளாக நிற்கும். சோப்புத்தூள் பட்டால் சிவப்புத் திட்டு விழும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே வேலைதான், சோப்புத்தூளிலும் காரம் இருக்கிறது. எலுமிச்சம் பழச் சாறு கலந்த தண்ணியில் அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும், பயப்பட வேண்டியதில்லை. மாரியம்மன் நோன்புக்கு, பண்ணாரிக்குப் போக, மஞ்சள் துணி கட்டுகிறவர்கள் அவ்வப்போது புதிதாக மஞ்சளில் நனைத்துக் கட்டுகிறார்கள், அந்தத் துணிக்கு மஞ்சளேதான் வேண்டும், அங்கே நிறம் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியே இல்லை. விலை கொடுத்து வாங்கிப் பல வருடம் கட்டப் போகிற சேலைக்கு அதையே போட்டுக் கொடுப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இயற்கைச் சாயம் என்றாலே வெளுத்துவிடும் என்ற பேர் ஊரெல்லாம் பரவியதற்கு மஞ்சள் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

நிற்கிற மஞ்சளுக்கு மாதுளம் தோல். ஜூஸ் கடைக்காரர்களிடம் சொல்லிவைத்தால் பை பையாகத் தருவார்கள், தோலைச் சிறு துண்டாக நறுக்கி வெயிலில் காயவைத்தால் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அதிலேயே துவர்ப்பு நிறைய இருப்பதால் பஞ்சு நூலைக் கெட்டியாகப் பிடிக்கும். கிலோ நூலுக்கு அரை கிலோ காய்ந்த தோல், ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் நூலைப் போட்டு மெல்லச் சூடேற்ற வேண்டும். வருவது கொஞ்சம் பச்சை ஓடிய மஞ்சள். இன்னும் பளபளப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு அதன் மேல் லேசாக மஞ்சளில் ஒரு முக்கு முக்கிக் கொடுக்கிறேன், நாளாக ஆக மேலே உள்ளது போனாலும் அடியில் மாதுளை நிற்கும், இதைச் சொல்லியேதான் கொடுக்கிறேன். செண்டுமல்லி சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வரும், கோயில் மாலைகளிலிருந்தும் உதிர்த்து எடுக்கலாம், நல்ல பொன்மஞ்சள். இந்த மஞ்சள் எல்லாமே நல்ல தண்ணியில் போட வேண்டியவை. ஆத்துத் தண்ணி போதாத வீட்டில் மழைத் தண்ணியைப் பிடித்துவைக்கச் சொல்வேன், ஐப்பசி மழையில் நாலு டிரம் பிடித்தால் சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு நன்றாகவே தாங்கும்.

உப்புத் தண்ணியைக் கெடுதல் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன், சிவப்புக்கு வந்தால் கதை மாறிவிடும். மஞ்சிட்டி வேர் சுண்ணாம்புச் சத்தை விரும்புகிறது. வேரிலுள்ள சிவப்பும் படிகாரமும் நூலில் சேரும்போது இடையில் கால்சியமும் இருந்தால்தான் நிறம் அழுத்தமாக, ஆழமாக வரும். மிக மென்மையான தண்ணி உள்ள ஊர்களில் சாயம் போடுகிறவர்கள் இதற்காகவே சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்க்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை, இரும்பு இல்லாத போர் தண்ணியாக மட்டும் இருந்தால் போதும். கோவையில் சிறுவாணித் தண்ணியில் மஞ்சிட்டி போட்டுப் பார்த்த ஒருவர் எனக்கு மட்டும் ஏன் ஆரஞ்சாக வெளிறி வருகிறது என்று கேட்டார், ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூள் போட்டுப் பாருங்கள் என்றேன், அடுத்த முறை சிவப்பு வந்தது. மஞ்சிட்டியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. 70 டிகிரிக்கு மேல் போனால் வேரிலுள்ள பழுப்பும் சேர்ந்து இறங்கி, செங்கல் நிறமாகிவிடும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி தெரிய ஆரம்பித்ததும் தணலைக் குறைத்துவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிட வேண்டும்.

கறுப்பு எல்லாரும் ஆசைப்படுகிற நிறம், தறியில் அதிகம் சண்டை வாங்கித் தருகிற நிறமும் அதுதான். பழைய ஆணி, லாடம், துருப்பிடித்த தகடு இதையெல்லாம் மண்பானையில் போட்டு வெல்லம் கரைத்த தண்ணி ஊற்றி மூடிவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் புளித்து இரும்புக் காடி தயாராகும். எனக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் அதைத்தான் போடுகிறேன். கடுக்காய் போட்ட நூலை இந்தக் காடியில் முக்கினால் கண்ணெதிரே கறுக்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனால் இரும்பு அதிகமானால் பஞ்சு நூலை அரிக்கும், நூல் நாளாக நாளாக வலுவிழந்து நொறுங்கும். எங்களுக்கு நெய்து கொடுக்கிற அண்ணன் ஒரு நாள் தறியிலிருந்தே கூப்பிட்டு, "அம்மணி, பாவுல கறுப்பு வேண்டாமுங்க, நாழிக்கொருக்கா அறுக்குது, பொணைச்சுப் பொணைச்சு கை ஓஞ்சு போச்சு, ஊடையில வேணா எத்தன கறுப்புனாலும் குடுங்க" என்றார். பாவு நூல் தறியில் இழுபட்டே கிடக்கிறது, ஒவ்வொரு மிதிக்கும் அது நுழைந்து போகிற விழுதிலும் அச்சிலும் உரசுகிறது, குறுக்கே ஓடும் ஊடைக்கு அந்தப் பாடு இல்லை. அதிலிருந்து கறுப்பு ஊடைக்கு மட்டும்தான், அதிலும் நீர்த்த காடியில் இரண்டு மூன்று முறை முக்கி, ஒவ்வொரு முக்குக்கும் இடையில் நன்றாக அலசிக் காற்றாடவிட்டு ஏற்றுவது. பவானி ஜமக்காளம் மாதிரி ஊடையே பாவை முழுக்க மூடிவிடுகிற நெசவில் இது நன்றாகவே பொருந்தும், பாவு எந்த நிறமாக இருந்தாலும் வெளியே தெரியாது.

அவுரி நீலத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். நீலக்கட்டி தண்ணியில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் தகரை விதையும் போட்டுப் புளிக்கவைத்து, தொட்டியிலுள்ள பிராணவாயு போனால்தான் கரைந்து நூலுக்குள் இறங்கும். தொட்டி பக்குவமானால் மேலே செம்பு நிறத்தில் ஏடு படியும், அடியில் தண்ணி மஞ்சள் பச்சையாக இருக்கும், நூல் பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டு நீலமாகும். காரம் மிகுந்த தொட்டி என்பதால் தண்ணியின் கடினம் இங்கே பெரிய தொந்தரவாக இருப்பதில்லை. மார்கழிக் குளிரில் தொட்டி மந்தமாகும், சாக்கைச் சுற்றி வெயில் படுகிற இடத்தில் வையுங்கள்.

தறிக்குக் கொடுக்கும்போது ஒரு சேலைக்கு வேண்டிய பாவு நூல் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் ஒரே தடவையில் போட்டு எடுத்துவிட வேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் தனித்தனியாகப் பார்க்கும்போது ஒரே நிறமாகத் தெரிவது நெய்த பிறகு நெடுகக் கோடாகத் தெரியும். ஊடையில் அந்த வித்தியாசம் வந்துவிட்டால் வழி இருக்கிறது, இரண்டு தடவையில் போட்ட நூலையும் தனித்தனித் தாராக, அதாவது சின்னக் குழலில், சுற்றி ஊடையை ஓட்டும் இரண்டு நாடாவில் மாற்றி மாற்றி ஓட்டினால் கண்ணுக்குக் கலந்துவிடும். நெசவாளரிடம் இதை முன்பே பேசிவிடுங்கள், இரண்டு நாடா ஓட்டினால் அவருக்கு நேரம் கூடுதலாகப் போகும், அதற்குத் தனியாகக் கூலி கொடுப்பதுதான் நியாயம்.

ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் ஒரு சின்னச் சிட்டத்தை ஒதுக்கி மூன்று துண்டாக வெட்டுவேன். ஒன்றைக் கெட்டி அட்டையால் பாதி மூடி, தெற்குப் பார்த்த ஜன்னலில் ஒரு மாதம் மாட்டிவைப்பது. இன்னொன்றைச் சாதாரணச் சோப்புத்தூளிலேயே திரும்பத் திரும்பத் துவைப்பது, வாங்குகிறவர்கள் எவ்வளவு சொன்னாலும் ஒரு நாள் அதில்தான் போடப் போகிறார்கள். மூன்றாவதை ஈரமான வெள்ளைக் காடாவில் அழுத்தித் தேய்ப்பது. மூன்றையும் அட்டையில் ஒட்டி, என்ன தண்ணி, எவ்வளவு எடை, எந்த மாதம் என்று எழுதிவைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் அந்த அட்டையையே காட்டிவிடுவேன். எது நிற்கும், எது மங்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் பிறகு குறை சொல்லி வந்ததே இல்லை.

கழிவுத் தண்ணியைப் பற்றிப் பேசாமல் சாயத்தைப் பற்றிப் பேச எங்கள் பக்கம் யாருக்கும் உரிமையில்லை என்று நினைக்கிறேன். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை எங்கள் ஊருக்குப் பக்கம்தான், அதில் தேங்கியது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத் தண்ணி. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நிலத்தை அழித்தது உப்பு, அங்கே போடுகிற ரியாக்டிவ் என்ற ரசாயனச் சாயம் நூலில் ஏற அவ்வளவு உப்பு போட வேண்டியிருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்த பிறகுதான் நடத்தலாம் என்றது. அதனால் இயற்கைச் சாயம் என்பதாலேயே நான் விடுகிற தண்ணி சுத்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வராது. மயில்துத்தம் போட்டால் நல்ல பச்சை வரும், செம்பு மண்ணுக்குப் போகும் என்பதால் அதைத் தொடுவதில்லை. படிகாரத் தண்ணியைக் கொட்டுவதில்லை, அடுத்த நூலுக்குப் பாதி அளவு புதிதாகச் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்தலாம். வெந்த தோலும் வேரும் குப்பைக்குழிக்கு உரமாகப் போகும். சலவை சோடாத் தண்ணிதான் சிக்கல், தென்னைக்கு விட்டால் போச்சு என்று பலரும் விடுகிறார்கள், சோடியம் சேரச் சேர மண் இறுகித் தண்ணியே இறங்காமல் போய்விடும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி வெயிலில் வற்றவிடுகிறோம். கொதிக்கவைக்கிற தண்ணியின் அளவைக் குறைத்தால் வற்றவிட வேண்டியதும் குறையும், அகலப் பாத்திரத்தை விட்டு உயரமான பாத்திரத்துக்கு மாறியதில் எங்களுக்குக் கணிசமாக மிச்சமானது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கால் கிலோ நூலும் மாதுளம் தோலும் போதும் என்று வையுங்கள். அதே கால் கிலோவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நல்ல தண்ணியிலும் மறு பாதியை உப்புத் தண்ணியிலும் போடுங்கள். காய்ந்த பிறகு இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் வேண்டாம், அதில் மஞ்சளின் வித்தியாசம் சரியாகத் தெரியாது.